“நான் எம்மாத்திரம்?” என்று கேட்கும் ஆயருக்கு

கேள்வி: ஐயா, உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமச் சபையில் ஆயராக இருக்கிறேன். குருப்பட்டம் பெற்று இரண்டு வருஷம் ஆகிறது. இங்கே வந்த முதல் பெண் ஆயர் நான்தான். எனக்கு முன்னால் இருந்த ஐயாவுக்குப் பாட்டும் பிரசங்கமும் கைவந்த கலை. இன்றைக்கும் எதற்கெடுத்தாலும் “அந்த ஐயா இருந்தப்போ…” என்றுதான் பேச்சு ஆரம்பிக்கிறது. போன பங்குனியில் எங்கள் சபைப் பையன் ஒருவன், இருபத்திரண்டு வயது, திருமங்கலம் நான்குவழிச்சாலையில் வண்டியில் அடிபட்டு இறந்துபோனான். மதுரைப் பெரியாஸ்பத்திரிப் பிணவறை வாசலில் அவனுடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஏன்மா இப்படிப் பண்ணினாரு? ஆண்டவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்கம்மா” என்றார்கள். எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. வாய் திறந்து ஜெபம்கூடப் பண்ண முடியவில்லை. உடலைக் கொடுக்கிறவரை அந்த அம்மா என் கையை விடவே இல்லை. அடக்க ஆராதனையைப் புத்தகத்தைப் பார்த்து வாசித்து ஒப்பேற்றினேன். மூன்றாம் நாள் ஜெபத்துக்குப் பிறகு அந்தத் தெருப் பக்கம் போகவில்லை. பலசரக்குக் கடைக்குக்கூடச் சுற்றித்தான் போகிறேன். அந்த அம்மாவும் ஆலயத்துக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். அடுத்த மாதம் பையனின் பிறந்தநாள். சனிக்கிழமை ராத்திரி ஆனால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. இரண்டு மாதமாக மூன்று மணிக்கெல்லாம் முழிப்பு வந்துவிடுகிறது, சாப்பாடு இறங்கவில்லை. இதில் இரண்டு பெரியவர்கள் நான் திருவிருந்து கொடுக்கிற ஞாயிற்றுக்கிழமைகளில் எழுந்தே வருவதில்லை. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு பெரியம்மா மட்டும், “நீங்க சும்மா வந்து உக்காருங்க தாயி, போதும்” என்பார்கள். விசுவாசம் இருந்தால் இவ்வளவு பயம் வருமா? என்னை அழைத்தது கர்த்தர்தானா? ராஜினாமாக் கடிதம் எழுதி வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன்.

(கடிதம் சுருக்கப்பட்டிருக்கிறது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை விட்டுவிட்டோம்.)

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் முழுக் கடிதத்தில் பிரசங்கத்துக்கு ஒரு பத்தி, முன்னால் இருந்த ஐயாவுக்கு ஒரு பத்தி, அந்த இரண்டு பெரியவர்களுக்கு மூன்றே வரி. மிச்சமெல்லாம் பிணவறை வாசல்தான். வேறு எதையோ எழுதப் போனாலும் பேனா அங்கேயே திரும்பி வந்து நிற்கிறது. அதனால் நானும் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அந்த மாதிரி வாசல்களில் நானும் நிறைய நின்றிருக்கிறேன். விபத்தில் இறந்தவர் என்றால் போலீஸ் விசாரணை எழுதி முடித்த பிறகுதான் பிரேதப் பரிசோதனை. அதுவரை சித்தப்பாவும் மாமாவும் ஒரு கையெழுத்துக்காக ஸ்டேஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அலைவார்கள். ஊர்ப் பையன்கள் வேன் பேசுவார்கள். யாரோ டீ வாங்கி வருவார்கள், அது ஆடை கட்டி அப்படியே இருக்கும். எல்லாருக்கும் ஏதோ ஒரு வேலை இருக்கும். பெற்றவளுக்கு மட்டும் செய்ய ஒன்றும் இருக்காது. சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் பிடித்துக்கொள்ள அந்த அம்மாவுக்கு ஒரு கை கிடைத்தது. உடலைக் கொடுக்கிறவரை விடவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுவும் போகிறபோக்கில். அந்தக் கைக்குச் சொந்தக்காரர்தான் “நான் ஒன்றுமே செய்யவில்லை” என்று எனக்குக் கடிதம் போடுகிறார்!

துக்கத்தில் இருப்பவர்களோடு பேசுவது என் தொழில். சிலர் அடக்கம் முடிந்த கையோடு வருவார்கள், சிலர் வருஷக்கணக்கில் சுமந்துவிட்டு வருவார்கள். அன்றைக்கு ஆயர் எவ்வளவு அருமையாக ஜெபித்தார் என்று அவர்கள் சொல்லி நான் கேட்டதில்லை. யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பது ஞாபகம் இருக்கும். குத்தின வார்த்தை அதைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். “ஆண்டவர் தோட்டத்துக்கு நல்ல பூவாப் பார்த்துப் பறிச்சுக்கிட்டார்” என்று ஆறுதல் சொன்னவரின் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை என்று சொன்ன தாயை எனக்குத் தெரியும். அப்படி ஒரு வாக்கியம் உங்கள் வாயில் அன்றைக்கு வராமல் போனதற்காக நான் ஸ்தோத்திரம் சொல்லுவேன்.

யோபுவின் சிநேகிதர் மூவரையும் நாம் பிரசங்கத்தில் வெளுத்து வாங்குவோம். ஆனால் அவர்கள் செய்த ஒரு நல்ல காரியம் இரண்டாம் அதிகாரத்தின் கடைசி வசனத்தில் இருக்கிறது. ஏழு நாள், இரவும் பகலும், அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். துக்கம் மகா கொடியது என்று கண்டு ஒருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. வாயைத் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. புத்தகத்தின் முடிவில் கர்த்தருடைய கோபம் அவர்கள் பேசின பேச்சுக்குத்தான்.

இன்னொன்று. அந்த அம்மா கேட்ட “ஏன்?” என்ற கேள்வியைச் சிலுவையிலிருந்து ஆண்டவரே கேட்டிருக்கிறார். “என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்?” அந்த நேரத்தில் வானத்திலிருந்து பதில் வந்ததாக மத்தேயுவும் எழுதவில்லை, மாற்கும் எழுதவில்லை. குமாரனுக்கே அந்த மணி நேரத்தில் கிடைக்காத பதிலை, பிணவறை வாசலில் நிற்கிற ஒரு கிராமத்து ஆயர் எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது? பதில் தெரியாமல் போனதை உங்கள் அழைப்பின் குறையாக எடுத்துக்கொண்டீர்கள். அந்த வாசலில் எந்த ஆயருக்கும் பதில் தெரியாது. தெரிந்ததுபோலப் பேசுகிறவர்கள் உண்டு, அது வேறு விஷயம்.

ஜெபம் வரவில்லை என்பதும் அப்படித்தான். ஏற்றபடி வேண்டிக்கொள்ள நமக்குத் தெரியாததால் ஆவியானவர் “வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு” நமக்காக வேண்டுகிறார் என்று ரோமர் எட்டாம் அதிகாரத்தில் படிக்கிறோம். அதை எழுதினவர் பவுல். வார்த்தை வராத நேரம் அவருக்கும் இருந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வசனமே எழுதப்பட்டிருக்காது.

புத்தகத்தைப் பார்த்து வாசித்து “ஒப்பேற்றினேன்” என்கிறீர்களே, அந்த வார்த்தையை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அடக்க ஆராதனைக்கு ஒரு முறைமையைச் சபை எழுதி வைத்திருப்பதே, குழிக்கரையில் நிற்கிற ஆயருக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று தெரிந்துதான். அன்றைக்கு உங்களுக்குச் சொந்தமாக வார்த்தை இல்லை, சபை தன் வார்த்தையைக் கொடுத்தது, நீங்கள் வாசித்தீர்கள். பார்க்காமல் சரளமாக ஜெபிப்பதுதான் ஆவிக்குரியது என்ற எண்ணம் இப்போது நம் ஊர்ச் சபைகளிலும் பரவிவிட்டது. கையில் போனை எடுத்தால் நூறு பிரசங்கிகள், ஒருவருக்கும் மூச்சு வாங்குவதில்லை. அதையெல்லாம் பார்த்துவிட்டுப் புத்தகத்தைக் கையில் எடுக்கக் கூச்சப்படாதீர்கள். இப்போது தனி ஜெபத்துக்கும் சங்கீதப் புத்தகத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 88-ஆம் சங்கீதத்தை ஒரு நாள் சத்தமாக வாசித்துப் பாருங்கள். கடைசி வரைக்கும் வெளிச்சமே வராத சங்கீதம் அது. அதையும் ஜெபம் என்றுதான் வேதாகமம் வைத்திருக்கிறது.

சரி, பயத்துக்கு வருவோம். விசுவாசம் இருந்தால் இவ்வளவு பயம் வருமா என்று கேட்கிறீர்கள். வரும். கொரிந்தியருக்கு எழுதும்போது பவுல், “நான் பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன்” என்கிறார். அதே ஊர்க்காரர்கள் அவரைப் பற்றி என்ன பேசினார்கள் தெரியுமா? கடிதமெல்லாம் கனமாகத்தான் இருக்கிறது, நேரில் பார்த்தால் ஆள் பலவீனம், பேச்சும் ஒன்றுமில்லை என்றார்கள். உங்கள் சபையில் காதுபடப் பேசுகிறவர்கள் கொரிந்துவிலும் இருந்தார்கள்.

மோசேயின் கதையைப் பிரசங்கிக்கிறபோது நாம் ஒரு இடத்தில் அவசரப்பட்டுக் கடந்துவிடுகிறோம். முட்செடிக்கு முன்னால் அவன் கேட்டது “நான் எம்மாத்திரம்?” என்று. இந்தக் காலத்து ஊக்கப் பேச்சாளர் யாராவது அங்கே இருந்திருந்தால், “உன்னால் முடியும், உன் திறமை உனக்குத் தெரியவில்லை, எகிப்து அரண்மனையில் வளர்ந்தவன் நீ” என்று அடுக்கியிருப்பார். கர்த்தர் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீ எம்மாத்திரம் என்ற கேள்விக்கு அவர் பதிலே சொல்லவில்லை. “நான் உன்னோடே இருப்பேன்” என்றார், அவ்வளவுதான். மோசே விடாமல் திக்குவாய், மந்தநாவு என்றெல்லாம் சொல்லிப் பார்க்கிறான். கடைசியில், வேறு யாரையாவது அனுப்பும் என்கிறான். உங்கள் வேதாகமத்துக்குள் இருக்கிற ராஜினாமாக் கடிதம் அதுதான். அப்போது கர்த்தருக்குக் கோபம் வந்தது. கோபத்திலும் அவர் செய்தது என்ன? திக்குவாயைச் சொஸ்தமாக்கினதாக எழுதியில்லை. அவனுக்குப் பதிலாகப் பேச அவன் அண்ணன் ஆரோனைத் துணையாக அனுப்பினார்.

என் தொழிலில் நான் பிடித்துக்கொண்டிருக்கிற காரியம் இது. விசுவாசத்தில் சார்ந்திருப்பது என்றால், ஒரு நாள் காலையில் எழும்போது “நான் தகுதியானவள்” என்ற நிச்சயம் வந்துவிடும், அதற்குப் பிறகு வேலையைப் பார்க்கலாம் என்று காத்திருப்பதல்ல. அந்த நிச்சயம் வராமலே போகலாம். மோசேக்கு வந்ததாகத் தெரியவில்லை. வனாந்தரத்தில் பாதி வழியில்கூட, இந்த ஜனங்களை நான் ஒருவனாய்த் தாங்க முடியாது, என்னைக் கொன்றுபோட்டுவிடும் என்று அழுகிறான். எண்ணாகமம் பதினொன்றாம் அதிகாரம். அதற்கும் பதிலாக வந்தது எழுபது மூப்பர்கள். கர்த்தர் கூட இருக்கிறார் என்பது மோசேக்குப் பெரும்பாலும் இன்னொரு மனுஷர் வடிவத்தில்தான் வந்து சேர்ந்தது. உங்களுக்கு அந்த ஆரோன் யார் என்று உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

குருப்பட்ட ஆராதனையை ஞாபகப்படுத்திப் பாருங்கள். உங்களிடம் கேட்ட கேள்விகளுக்கு, ஆண்டவர் துணையால் செய்வேன் என்ற அர்த்தத்தில்தானே பதில் சொன்னீர்கள்? அந்த வாக்குறுதிக்குள்ளேயே “தனியாக என்னால் ஆகாது” என்பது இருக்கிறது. ஆக, இரண்டு வருஷம் கழித்து அதை நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்துப் பயப்பட வேண்டியதில்லை. பேராயருக்கும் அன்றைக்கே தெரியும்.

இறையியல் கல்லூரியில் சபைச் சரித்திர வகுப்பில் தொனாத்துக்காரரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். பரீட்சைக்குப் படித்ததை இப்போது உங்களுக்காக ஒரு தடவை படியுங்கள். நான்காம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், ரோமப் பேரரசன் தியோக்கிளேத்தியன் காலத்து உபத்திரவத்தில், வட ஆப்பிரிக்காவில் சில குருமார் பயந்துபோய் வேதப் புத்தகங்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்துவிட்டார்கள். அப்படிப்பட்டவர் கை வைத்துக் கொடுத்த பட்டம் செல்லுமா, ஞானஸ்நானம் செல்லுமா என்று நூறு வருஷத்துக்கு மேல் சண்டை. 411-ல் கார்த்தேஜில் இரண்டு பக்கத்துப் பேராயர்களையும் கூட்டி வைத்து விசாரித்தார்கள். அந்த நாட்டுப் பேராயர்களில் ஒருவரான அகுஸ்தீன் பிடித்த பிடி எளிமையானது: ஞானஸ்நானம் கொடுக்கிறவர் கிறிஸ்து, கொடுக்கிற கை எப்படிப்பட்டதாக இருந்தாலும் ஈவு அவருடையது. பிற்பாடு ஆங்கிலிக்கன் சபையின் 39 பிரமாணங்களில் 26-ஆவதும் இதையே சொன்னது. அந்த வழியாக நமக்கும் வந்திருக்கிறது.

அகுஸ்தீன் பேசினது பாவத்தில் விழுந்த குருமாரைப் பற்றி. நீங்கள் ஒரு பாவமும் செய்யவில்லை, பேச்சு வராமல் நின்றீர்கள். துரோகம் செய்தவர் கையிலேயே கிறிஸ்துவின் ஈவு கெட்டுப்போகாது என்றால், நடுங்குகிற கையில் எப்படிக் கெடும்? இதைச் சாக்காக வைத்து, நான் எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று தயாரிக்காமல் மேடையேறுகிறவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு இந்தப் பத்தியைக் காட்டாதீர்கள்.

முன்னால் இருந்த ஐயாவோடு உங்களை ஒப்பிடுவதைப் பற்றி. முன்னவர், பின்னவர் என்ற ஒப்பீடு மதுரைக்குப் புதிதல்ல. நானூறு வருஷத்துக்கு முன்னாலேயே நடந்திருக்கிறது. 1606-ல் இத்தாலியப் பாதிரியார் ராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தபோது இங்கே ஏற்கெனவே கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற போர்த்துக்கீசியப் பாதிரியார் இருந்தார். ஒரு காலத்தில் சிப்பாயாக இருந்தவர். கடற்கரையிலிருந்து மதுரைக்கு வந்துபோன பரதவக் கிறிஸ்தவர்களைக் கவனித்துக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடமும் சின்ன வைத்தியசாலையும் நடத்தினார். பத்து வருஷத்துக்கு மேல் இருந்தும் உள்ளூர்க்காரர் யாரையும் அவரால் சபைக்குள் கொண்டுவர முடியவில்லை. இருபத்தொன்பது வயதில் வந்த நொபிலி காவி உடுத்தி, தமிழும் சமஸ்கிருதமும் கற்று, சில வருஷத்திலேயே பேர் வாங்கினார். பெரியவருக்கு எப்படி இருந்திருக்கும்! கடைசியில் நொபிலியின் முறைகளைப் பற்றி மேலிடத்துக்குப் புகார் எழுதினார். அந்த வழக்கு 1623-ல் போப்பாண்டவர் பதினைந்தாம் கிரகோரி தீர்ப்புச் சொல்கிறவரை இழுத்தது. அதாவது ஜெயித்தவர் என்று நாம் நினைக்கிற நொபிலியும் தன் நல்ல வயதில் பத்து வருஷத்துக்கு மேல், தான் செய்வது சரியா தப்பா என்று மேலே இருக்கிறவர்கள் சொல்லக் காத்துக்கொண்டுதான் இருந்தார். கடைசிக் காலத்தில் கண்பார்வையும் மங்கி, 1656-ல் மயிலாப்பூரில் இறந்தார்.

பெர்னாந்தஸைத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும், புகார் எழுதினதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அவர் உட்கார்ந்து இந்த ஊர்ப் பிராமணர்களின் சடங்குகளையும் வழக்கங்களையும் கேட்டுக் கேட்டு 1616-ல் ஒரு பெரிய குறிப்பு எழுதிவைத்தார். நொபிலிக்கு எதிராகப் பயன்படும் என்று எழுதினதுதான். அது 1973-ல் லிஸ்பனில் அச்சாகி, இன்றைக்கு ஆராய்ச்சிக்காரர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். தன்னிடம் இருந்த வரம் எது என்று அந்த மனுஷருக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது. பக்கத்தில் இருந்தவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்தோலிக்கர் கதை நமக்கு எதற்கு என்று உங்கள் கமிட்டியில் யாராவது கேட்டால், மதுரைக் கதை என்று சொல்லுங்கள்.

உங்கள் முன்னவரின் பாட்டு உங்களுக்கு வராது. வேண்டாம். பாட்டுக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள், வாலிபர் சங்கத்தில் கட்டாயம் ஒரு குரல் இருக்கும். பிரசங்கம் மட்டும் கற்றுக்கொள்ளக்கூடிய விஷயம். அதை விசுவாசக் கணக்கில் போடாதீர்கள், உழைப்புக் கணக்கில் போடுங்கள். சனிக்கிழமை ராத்திரி வயிற்றைப் பிசைவதற்குப் பாதிக் காரணம், சனிக்கிழமை ராத்திரிதான் உட்காருகிறீர்கள் என்பது. ஞாயிறு பாடம் என்னவென்று முன்கூட்டியே தெரியும். செவ்வாய்க்கிழமை அந்தப் பாடத்தை வாசித்துவிடுங்கள், பக்கத்துச் சபை ஆயர் ஒருவரோடு போனிலாவது பேசுங்கள். பதினைந்து நிமிஷத்துக்கு மேல் பேசாதீர்கள். கிராமத்துச் சபை அதற்காக உங்களை வாழ்த்தும்.

அந்த இரண்டு பெரியவர்கள். அவர்கள் உங்கள் தகுதியைப் பரிசோதித்துப் பார்த்துவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. நீங்கள் அந்த ஊருக்கு மாற்றலாகி வருவதற்கு முன்பே எடுத்த முடிவு அது. தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுக்கத் தொடங்கி நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2013-ல் நந்தியால் திருமண்டலத்தில் ஒரு பெண் பேராயராகவே ஆகிவிட்டார். இவர்கள் இன்னும் உட்கார்ந்தே இருக்கிறார்கள் என்றால் அது சபை ஒழுங்கைப் பற்றிய பிரச்சினை. அதைத் திருமண்டலத்தில் பேசவேண்டியவர்களிடம் எடுத்துக்கொண்டு போங்கள், தேதி போட்டு எழுத்தில். ராத்திரி முழங்காலில் நின்று “என்னிடம் என்ன குறை ஆண்டவரே” என்று கேட்கவேண்டிய விஷயமே இல்லை. 1978-ல் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள், படித்து முன்னுக்கு வந்த பெண்களில் பலர், தங்களுக்கு உண்மையில் தகுதி இல்லை, ஏதோ ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம், ஒருநாள் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று உள்ளுக்குள் பயந்துகொண்டே இருப்பதைப் பற்றி எழுதினார்கள். உங்கள் கடிதத்தில் அதே பயம் இருக்கிறது. அந்தப் பயம் எல்லாம் உங்களுக்குள்ளேயே பிறந்ததில்லை. ஞாயிற்றுக்குஞாயிறு இரண்டு பேர் எழுந்து வராமல் இருந்து அதை உங்களுக்கு ஞாபகப்படுத்துகிறார்கள்.

இப்போது நான் கண்டிப்பாகப் பேசப்போகிற ஒரே இடம். இரண்டு மாதமாக மூன்று மணிக்கு முழிப்பு, சாப்பாடு இறங்கவில்லை என்கிறீர்கள். மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்து, தூக்கத்தையும் பசியையும் கெடுத்தால் டாக்டரைப் பார்க்கவேண்டும் என்பது எங்கள் தொழிலில் பொதுவாகச் சொல்வது. உங்களுக்கு அந்தக் கெடு தாண்டிவிட்டது. பெரியாஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. அந்தக் கட்டிடத்துக்குள் திரும்பப் போக மனசு வரவில்லை என்றால் (எனக்குப் புரிகிறது) வேறு மருத்துவரைப் பாருங்கள். பேசிப் பார்க்க வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண்; கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் அன்றைக்கே கூப்பிடுங்கள்.

ஆயர் மாத்திரை சாப்பிட்டால் சபை என்ன நினைக்கும் என்று யோசிக்காதீர்கள். எலியா சூரைச்செடியின் கீழே உட்கார்ந்துகொண்டு, “போதும் கர்த்தாவே… நான் என் பிதாக்களைப்பார்க்கிலும் நல்லவன் அல்ல” என்றான். கவனித்தீர்களா, அவனுக்கும் முன்னவர்களோடு ஒப்பீடுதான்! கர்த்தர் அவனுக்கு உடனே உபதேசம் பண்ணவில்லை. தூங்க விட்டார். தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் வைத்தார். மறுபடியும் தூங்க விட்டார், மறுபடியும் சாப்பிடச் சொன்னார். ஓரேபில் பேசினதெல்லாம் அதற்கு அப்புறம்தான். “இன்னும் அதிகமாக ஜெபியுங்கள்” என்று இந்த நேரத்தில் உங்களிடம் யாராவது சொன்னால், சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள்.

ராஜினாமா விஷயம். நீங்கள் விலகவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அழைப்பு மாறலாம், ஊழியத்தை விட்டுப் பள்ளிக்கூடத்துக்கோ ஆஸ்பத்திரிக்கோ போய் அங்கே நன்றாக உழைக்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் தூக்கமில்லாமல் மூன்று மணிக்கு எடுக்கிற முடிவு எதுவும் வேண்டாம். தூக்கம் திரும்பட்டும். அதுவரை கடிதம் இருக்கிற இடத்தில் இருக்கட்டும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்தத் தெருவுக்குப் போகவேண்டும். நீங்கள் சுற்றிப் போகப் போக உங்கள் பயம் வளர்கிறது. அந்தப் பக்கமும் யோசித்துப் பாருங்கள். அந்த அம்மா ஆலயத்துக்கு வராமல் இருப்பதற்குக் காரணம் நீங்கள் பதில் சொல்லாதது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கென்னவோ வேறு மாதிரி தோன்றுகிறது. கடைசி வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்த ஆள் மூன்றாம் நாளோடு வருவதை நிறுத்திவிட்டார். ஆயரம்மாவிடம் அப்படிக் கேட்டிருக்கக் கூடாதோ, ஆண்டவரைக் குறை சொல்லிவிட்டோமோ என்று அவர் பயந்துகொண்டிருந்தால்? துக்க வீட்டில் முதல் மாதம் கூட்டமாக இருக்கும். முப்பதாம் நாள் ஜெபம் முடிந்தால் பந்தல் பிரித்ததுபோல எல்லாரும் போய்விடுவார்கள். உண்மையான தனிமை அதற்கு அப்புறம்தான். முதல் பிறந்தநாள், முதல் கிறிஸ்துமஸ், இவைதான் பொல்லாத நாட்கள்.

எனவே பிறந்தநாளுக்கு முந்தின வாரமே ஒரு தடவை போங்கள், பிறந்தநாளன்று ஒரு தடவை போங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், களைத்திருப்பீர்கள். வார நாளில், சமையல் முடிந்து வீடு அடங்கியிருக்கிற பதினொரு மணி வாக்கில். சங்கத்துப் பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். “சும்மா வந்து உக்காருங்க தாயி” என்று சொன்னவர்தான் உங்கள் ஆரோன். பேச்சை அவர் ஆரம்பிக்கட்டும். பையனின் பெயரைச் சொல்லுங்கள். நாளாக நாளாக அந்தப் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள், அதுதான் பெற்றவளுக்குப் பெரிய ஏக்கம். அவன் போட்டோவைக் காட்டினால் நிதானமாகப் பாருங்கள், எப்போது எடுத்தது என்று கேளுங்கள். அவன் செய்த சேட்டைகளைச் சொல்லி அந்த அம்மா சிரித்தால் நீங்களும் சிரிக்கலாம். வேதாகமத்தை எடுத்துக்கொண்டு போங்கள், ஆனால் கேட்டால் ஒழியத் திறக்கவேண்டாம். ஆலயத்துக்கு ஏன் வருவதில்லை என்று கேட்டுவிடாதீர்கள்.

அந்த அம்மா மறுபடியும், “ஆண்டவர்கிட்ட கேட்டீங்களாம்மா?” என்று கேட்கலாம். கேட்டேன், எனக்கு இன்னும் பதில் கிடைக்கவில்லை, கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன் என்று சொல்லுங்கள். அழுகை வந்தால் அழுங்கள். அழுகிறவர்களுடனே அழச் சொல்லித்தானே எழுதியிருக்கிறது. காப்பி கொடுத்தால் குடித்துவிட்டு வாருங்கள். புறப்படும்போது அடுத்து எந்தக் கிழமை வருவீர்கள் என்று சொல்லிவிட்டு, அந்தக் கிழமை கட்டாயம் போங்கள்.

போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள். டாக்டர் என்ன சொன்னார் என்பதையும் எழுதுங்கள். அதற்குப் பிறகும் அந்தக் கடிதத்தைப் பேராயருக்கு அனுப்பத்தான் வேண்டும் என்று தோன்றினால், அனுப்புவதற்கு முன் ஒரு நாள் மதுரைக்கு வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம்.